நந்தம்பாக்கத்தில் ஸ்டால்: தங்குவது மணப்பாக்கத்திலா, தி.நகரிலா, எழும்பூரிலா?

சென்னை வர்த்தக மையத்தில் கண்காட்சியோ மாநாடோ வந்தால், "எங்கே ரூம் போடலாம்?" என்று கோவையில் தெரிந்தவர்கள் யாராவது என்னிடம் கேட்பார்கள். நான் பம்ப் உதிரி பாகம் செய்கிற சிறு பட்டறைக்காரன். அங்கே சில முறை ஸ்டால் போட்டிருக்கிறேன், பார்வையாளராகவும் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தங்கிப் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மையம் இருப்பது நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில். வாசலில் மெட்ரோ இன்னும் வரவில்லை. மாதவரம்–சோழிங்கநல்லூர் தடத்தில் அங்கே ஒரு நிலையம் திட்டத்தில் இருக்கிறது. அந்தக் கட்டுமானத்தால் சாலையும் குறுகிப் போனது. இப்போதைக்குப் பக்கத்து மெட்ரோ நிலையம் ஆலந்தூர், ஏறக்குறைய 3 கி.மீ. நகருக்குள்ளிருந்து சாலை வழியாக வந்தால் பெரும்பாலும் கத்திப்பாராவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை நான்கும் கூடுகிற இடம் அது. காலை எட்டரைக்கு மேல் அங்கே மாட்டினால் நேரம் நம் கையில் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் எழும்பூரில் தங்கி, மாதிரிப் பெட்டிகளோடு வாடகை காரில் கிளம்பினேன். ஸ்டாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. புனேயிலிருந்து ஒரு வாங்குபவர் பத்து மணிக்கே வந்து, ஆள் இல்லாத மேசையில் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு எத்தனையோ முறை அழைத்தும் பயனில்லை. அந்த கார்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

அதனால் ஸ்டால் போடுகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கத்திப்பாராவுக்கு மேற்கே, மையம் இருக்கிற பக்கத்திலேயே தங்குங்கள். நந்தம்பாக்கம், மணப்பாக்கம், ராமாபுரம் பகுதியில் ஐ.டி. நிறுவனங்களை நம்பி நிறைய சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளும் நடுத்தர ஓட்டல்களும் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரு வீட்டை எடுத்தால் செலவும் கட்டுப்படியாகும். சாம்பிள் தீர்ந்தால் மதியம் போய் எடுத்து வரலாம். மூன்று நாள் நின்ற காலுக்கு மாலையில் சீக்கிரம் படுக்கை கிடைப்பதும் பெரிய விஷயம். குறை என்றால், இரவு வெளியே போய்ச் சாப்பிட தி.நகர் அளவுக்கு வசதி இல்லை. அப்புறம் மழை. அடையாறு இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் மணப்பாக்கம் எந்த அளவுக்கு மூழ்கியது என்பதை நாடே பார்த்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிகழ்ச்சி என்றால் தரைத்தள ரூம் எடுக்க வேண்டாம்.

கிண்டி நட்சத்திர ஓட்டல்களை இதோடு சேர்க்கக் கூடாது. ஐ.டி.சி. கிராண்ட் சோழா, ஹில்டன் எல்லாம் கத்திப்பாராவைத் தாண்டி, நகரின் பக்கம் இருக்கின்றன. தூரம் குறைவுதான், சந்திப்பைத் தாண்டுகிற வேலை மட்டும் மிச்சம் இருக்கும். ஆனாலும் பெரிய ஆர்டர் பேச வேண்டிய ஆள் அங்கே தங்குகிறார் என்றால், காலைச் சிற்றுண்டியின்போது அவரைப் பிடிக்கலாம். செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் தாராளமாகப் போடுங்கள். வழக்கமாக மதியம் இரண்டு மணிக்குத்தான் ரூம் தருவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விடிகாலை ரயிலில் இறங்கிப் போனால் லாபியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பார்வையாளராக, கையில் ஒரு பையோடு வருகிறவருக்குக் கணக்கே வேறு. அவருக்கு தி.நகர்தான் சரி. மாம்பலம் ஸ்டேஷனில் புறநகர் ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி, அடுத்தது பரங்கிமலை. காலையில் கிண்டி வரை நெரிசல் இருக்கும், அங்கே பாதிப் பெட்டி இறங்கிவிடும். பரங்கிமலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் முடிந்தது. கத்திப்பாரா மேம்பாலத்தை ஏறிக்கூடப் பார்க்க வேண்டாம். மாலையில் நல்ல சாப்பாடு, வீட்டுக்கு வாங்க வேண்டிய துணிமணி எல்லாம் நடக்கிற தூரத்தில். குடும்பத்தையும் கூட்டி வருகிறவர்கள் வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். இரும்புச் சாம்பிள் பெட்டியோடு மாம்பலம் படிக்கட்டில் மட்டும் ஏறிவிடாதீர்கள், முதுகு போய்விடும்.

எழும்பூரின் பலம் லாட்ஜுகள். வாடகை குறைவு, ரயிலிலிருந்து இறங்கி நடந்தே போகலாம், பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு ரூம் எடுத்தால் மறுநாள் ஆறு மணி வரை உங்களுடையது. இது எல்லா லாட்ஜிலும் இல்லை. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அங்கிருந்து ஆலந்தூருக்குப் பச்சைத் தட மெட்ரோ நேராகப் போகும், ஆனால் அண்ணா நகர், கோயம்பேடு என்று சுற்றிக்கொண்டு. அவசரமென்றால் அதே எழும்பூரில் புறநகர் ரயில் ஏறிப் பரங்கிமலைக்குப் போங்கள். சட்டை கசங்காமல் ஏ.சி.யில் போய்ச் சேர வேண்டும் என்றால் மெட்ரோ. டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுத்துவிடலாம்.

ரூமே போடாமல் வருகிறவர்களும் உண்டு. ஒரு நாள் மட்டும் பார்க்க வருகிறவருக்கு இதில் தப்பில்லை. கோவைக்காரர் இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, குளித்துவிட்டு மெட்ரோவில் ஆலந்தூர் போகலாம். நீலத் தடம், பச்சைத் தடம் இரண்டுமே ஆலந்தூரைத் தொடும், நீலம் நேர்வழி. மதுரை, நெல்லைப் பக்கத்தினர் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். அநேக ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும், அங்கேயே புறநகர் ரயிலுக்கு மாறிப் பரங்கிமலையில் இறங்கலாம். அரசு விரைவுப் பேருந்தில் வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம்தான் கடைசி என்பதால், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

எங்கே தங்கினாலும் மாலைக்கு ஒரு யோசனை. அரங்கம் மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியில் வண்டி தேடுவார்கள். கட்டணம் ஏறும், வண்டியும் வராது. நான் அந்த அரைமணி நேரத்தைப் பக்கத்து ஸ்டால்காரர்களோடு பேசக் கழிப்பேன். என்னிடம் இப்போது வாங்குகிற இரண்டு டீலர்கள் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

அடுத்த கண்காட்சிக்கும் மணப்பாக்கத்தில்தான் வீடு சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டாம் மாடியில்.