ஐசியு படுக்கையோரத்து மருந்துப் பொருத்த அட்டவணை: சில வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

சேலத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஐசியுவில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் லேமினேட் செய்த ஏ3 அட்டவணை தொங்குகிறது. எந்த ஊசி மருந்தை எதனுடன் ஒரே த்ரீ வேயில் (பல மருந்துகள் ஒரு லைனில் சேரும் திருகு இணைப்பு) விடலாம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பச்சை விடலாம், சிவப்பு கூடாது, வெள்ளை என்றால் தகவல் இல்லை. தொல்லை கொடுப்பது வெள்ளைதான். நைட் டூட்டி அவசரத்தில் அதைத் 'தடையில்லை' என்று படித்துவிடுவார்கள். அதனால் வெள்ளையையும் மார்க்கரால் சிவப்பாக்கிவிட்டோம்.

அதிகம் கைகொடுப்பது பேன்டோப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து, சுருக்கமாக பேன்டோ) வரிசை. வாழப்பாடி, ஆத்தூர் பக்கமிருந்து பூச்சிமருந்து குடித்து வருகிறவருக்கு விஷமுறிவுக்கு அட்ரோபின், மயக்கத்துக்கு மிடாசோலம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் வழக்கம்போல் பேன்டோ 40 மி.கி. மிடாசோலம் கரைந்து நிற்பதே அமிலத்தில்தான், பிஹெச் 3 சொச்சம். பேன்டோவோ 9-க்கு மேல் காரம். இரண்டும் சந்தித்தால் த்ரீ வே கலங்கிப் படியும், பம்ப் அடைப்பு என்று அலறும். அப்போது சிரிஞ்சால் அழுத்தித் தள்ளவே கூடாது. படிவு ரத்தத்துக்குப் போகும். அதே லைனில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் இருந்தால் அது மொத்தமாக இறங்கி பிபி எகிறும். கிளாம்ப் போட்டு, த்ரீ வேயையும் எக்ஸ்டென்ஷன் குழாயையும் மாற்ற வேண்டும். லேசான கலங்கல் ட்யூப்லைட்டில் தெரியாது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமின் கறுப்பைப் பின்னால் பிடித்து டார்ச் அடித்தால் தெரியும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தின் லைனில் அதுவும் பலிக்காது, மருந்தே பால் நிறம்.

சிறுநீர் பிரிக்கும் ஃபியூரோசமைடும் காரம்தான், மிடாசோலத்தோடு சேராது. சோடா பைகார்பனேட் இன்னும் மோசம்: கால்சியத்தோடு சுண்ணாம்பாக உறையும், அட்ரினலின், நார்அட்ரினலின் வீரியத்தைக் கண்ணுக்கே தெரியாமல் குறைக்கும்.

அட்டவணையின் பெரிய குறை, எதில் கலக்க வேண்டும் என்ற பத்தியே இல்லாதது. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிந்துவிடும். 1000 மி.கி.யை 100 மி.லி. சலைனில் கலந்து, ஃபில்டர் வைத்து, நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டாமல் விட்டால் குறைந்தது 20 நிமிடம் ஆகும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் இன்ஃப்யூஷனுக்கு நேர்மாறாக 5% டெக்ஸ்ட்ரோஸ். இதையெல்லாம் ஓரத்தில் பேனாவால் எழுதித்தான் வைத்திருக்கிறோம்.

ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் கால்சியம் இருப்பது பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. அது ஓடும்போது செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் கூடாது. பெரியவர்களுக்கு ஆர்எல்லை நிறுத்தி, சலைனால் லைனை நன்றாகக் கழுவிய பிறகு கொடுக்கலாம். பிறந்து 28 நாள் வரையுள்ள குழந்தைக்குக் கால்சியம் ஏறுகிறதென்றால் அந்த மருந்தே வேண்டாம்.

அட்டவணையைவிட நிம்மதி தருவது லைன் பங்கீடு. ட்ரிபிள் லுமென் சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தக்குழாயில் போடும், மூன்று தனிப் பாதைகள் கொண்ட குழாய்) ஒன்று நார்அட்ரினலினுக்கு மட்டும், ஒன்று மிடாசோலத்துக்கும் வலி மருந்தான ஃபென்டனிலுக்கும், மூன்றாவது திரவங்களுக்கு. காரமான மருந்துகளுக்குக் கையில் தனி வென்ஃப்ளான் ஊசிக்குழாய். மருந்துக்கு முன்னும் பின்னும் 10 மி.லி. சலைனால் கழுவல் (ஃப்ளஷ்). நார்அட்ரினலின் லுமெனில் மட்டும் ஃப்ளஷ் கிடையாது, அதன் த்ரீ வேயில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும்.