நிப்பிள் மாற்ற 140 டாலர், நெற்றியில் ஏழு கரும்புள்ளி

கருமருந்துத் துப்பாக்கி, அதாவது பழைய பாணிக் கறுப்பு வெடிமருந்து போட்டுச் சுடும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திருப்பித் தரும்போது, பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கடைக்காரர் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது ஸ்பெயினில் செய்த 50 காலிபர் ஹாக்கன் பாணி ரைஃபிள். 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கியைப் பார்த்துச் செய்த வகை. குழல் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை இடிகம்பியால் இறக்க வேண்டும். பின்பக்கம் நிப்பிள் என்று ஒரு சின்னக் கூம்பு இருக்கும். அதன் தலையில் கேப் என்கிற, அடித்தால் பொறி விடும் சின்ன உலோகத் தொப்பியை வைத்து, குதிரை வந்து அடித்தால் தீப்பொறி உள்ளே போகும். குதிரை என்றால் சுத்தியல்தான். எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த துப்பாக்கிக்கு அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் வேறு வார்த்தை வாயில் வருவதில்லை.

முதல் தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை. மசில்லோடர் என்பது இப்படி வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. ஜனவரியில் ஒஹாயோவின் மசில்லோடர் வேட்டை சீசன் நாலே நாள். கடைசி நாள் மழையில் நனைந்து வந்து, குழலை மட்டும் துடைத்துவிட்டு மூலையில் சாத்திவைத்தேன். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத்தான் மிஞ்சும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். அன்றைக்கே நிப்பிளைக் கழற்றி, சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவியிருக்க வேண்டும். மார்ச்சில் ஸ்பேனர் போட்டுத் திருகினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ‘டிக்’ என்று தலை மட்டும் கையோடு வந்தது. மரைப் பகுதி உள்ளேயே நின்றுவிட்டது.

கடையில் சுவர் முழுக்க மான் தலை. கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்ட சான்றிதழ் நாலைந்து. அவர் செய்த முதல் காரியத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். துப்பாக்கியை வாங்கினார், திருப்பிப் பார்த்தார், பெஞ்சில் வைத்தார். உள்ளே மருந்து கெட்டித்திருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. இந்த வகையில் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்க்க முடியாது. இடிகம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தால்தான் காலியா இல்லையா என்று தெரியும். வருடக்கணக்கில் மருந்தும் குண்டுமாகவே சுவரில் தொங்கிய துப்பாக்கிகளெல்லாம் உண்டு. கேட்டதற்கு, “நிப்பிளே உடைஞ்சு கிடக்கு, எப்படி வெடிக்கும்?” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

என்ன கம்பெனி, எந்த நாட்டுச் சரக்கு என்றும் கேட்கவில்லை. “எல்லாம் ஒரே சைஸ்தான்” என்றார். இது சுத்தப் பொய். நிறைய அமெரிக்கத் துப்பாக்கிகளில் நிப்பிள் மரை கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 புரி. ஸ்பெயின் சரக்கில் பெரும்பாலும் 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முரட்டுத்தனமாகத் திருகினால் கால் அங்குல நிப்பிள் 6 மி.மீ. துளையில் இரண்டு சுற்று ஏறவும் ஏறும், ஏறுகிற வழியெல்லாம் இருக்கிற மரையைச் சீவிக்கொண்டே. நம் ஊர் லேத் பட்டறையில் வேலை பழகும் பையன்கூட, துளைக்குள் மரை வெட்டும் டேப்பை அடிக்கும் முன் அளவு பார்ப்பான்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. 140 டாலர், ரொக்கமாகத் தந்தால் நல்லது என்றார். தந்தேன். ரசீது கேட்டதற்கு, கடை அட்டையின் பின்னால் ‘நிப்பிள் – சரி’ என்று எழுதிக் கொடுத்தார். உடைந்த துண்டைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார். புது நிப்பிள் பளபளவென்று இருந்தது. சுற்றிலும் கறுப்புச் சாயம் புதிதாகப் பூசிய வாசனை. லேசாக முன்பக்கம் சாய்ந்த மாதிரி தெரிந்தது, அடியில் நகம் நுழைகிற இடைவெளி இருந்தது. நிப்பிளின் தோள் இரும்போடு ஒட்டி உட்கார வேண்டும், இடைவெளி இருக்கவே கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ‘இவ்வளவு மான் தலை வைத்திருப்பவருக்குத் தெரியாததா’ என்று வண்டியில் ஏறிவிட்டேன்.

மே மாதம், சுட்டுப் பழகும் ரேஞ்சில் 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்) மருந்து, துணி, .490 அங்குலக் குண்டு. இந்தத் துப்பாக்கிக்குச் சாதாரண அளவுதான். முதல் இரண்டு சரியாகப் போயின. இரண்டாவதில் கேப் நார் நாராகக் கிழிந்து குதிரை மூக்கில் ஒட்டிக்கொண்டதைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தேன். மூன்றாவதுக்கு வழக்கமான ‘டும்’ வரவில்லை. பிரஷர் குக்கர் வால்வு பிய்த்துக்கொண்டது போல ஒரு சீறல். குதிரை தானாகவே பின்னால் எகிறி நின்றது. வலது கண்ணுக்கு நேரே வெள்ளையாகப் புகை. 50 கஜத்தில் வைத்த தாளைக் குண்டு தொடவே இல்லை. நிப்பிள் கூரைப் பலகையில் ஏறியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் இடுக்கி போட்டுப் பிடுங்கித் தந்தார். என் பாதுகாப்புக் கண்ணாடியின் வலது சில்லு முழுக்க அம்மைத் தழும்பு. நெற்றிப்பொட்டில் ஏழு கரும்புள்ளி, பச்சை குத்தியது போல. ஏழில் இரண்டு இன்னும் போகவில்லை. கண்ணாடி இல்லாமல் போயிருந்தால் இதைத் தட்டச்சு செய்ய வேறு யாராவது வேண்டியிருந்திருக்கும்.

பிடுங்கிய நிப்பிளைச் சுத்தியும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. இரண்டு குழாயைப் பிதுக்கிக் கலந்து, ஒழுகும் ரேடியேட்டருக்குப் பூசுவோமே, அந்த இரும்புப் பசை.

ஜூனில் இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் ஊருக்கு எடுத்துப் போனேன். 1933இல் தொடங்கிய தேசிய மசில் லோடிங் ரைஃபிள் சங்கத்தின் இருப்பிடம் அது. வருடம் இரண்டு முறை, கோடையிலும் செப்டம்பரிலும், போட்டி நடக்கும். கடைவீதி போல வரிசையாகக் கூடாரம் போட்டு உதிரி பாகம், கொம்பு, தோல் என்று விற்பார்கள். அங்கே ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். துப்பாக்கியை வாங்கியதும் பேசவில்லை, இடிகம்பியை எடுத்துக் குழலுக்குள் நழுவ விட்டார். ‘டிங்’ என்று மணி மாதிரி ஒலித்துக் கம்பி துள்ளி எழும்பியது. “காலி” என்றார். மருந்தோ குண்டோ இருந்தால் ‘தொப்’ என்று அமுங்கிப்போகுமாம். பிறகு கம்பியை வெளிப்பக்கமாகக் குழல் மேல் வைத்து ஆழத்தைச் சரிபார்த்தார். அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அந்த ஒரு ‘டிங்’கிலேயே எனக்கு உயிர் வந்தது.

விளக்கு அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். துளையின் ஒரு பக்கம் மரை சீப்பு மாதிரி இருந்தது, எதிர்ப்பக்கம் மொழுக்கட்டை. கடைக்காரர் உடைந்த துண்டை எடுக்க டிரில்லைக் கையால் பிடித்து ஓட்டியிருக்கிறார். பிட்டு கெட்டியான துண்டை விட்டு விலகி, மெத்தென்ற பக்கமாக ஓடி, மரையைத் தின்றுவிட்டது. அதன் மேல் கால் அங்குல டேப்பை ஓட்டியிருக்கிறார். பாதி மரைதான் பிடித்தது. மிச்சத்துக்குப் பசை. மருந்து வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தம். அதைத் தாங்க வேண்டிய இடத்தில் பசை!

முறையாக எப்படி எடுப்பது என்றும் பெரியவர் சொன்னார். குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, துரு இளக்கும் எண்ணெயில் நாலைந்து நாள் ஊற வேண்டும். அப்புறம் லேசான சூடு. பிறகு மில்லிங் மெஷினில் இறுகக் கட்டி, நடு மையம் பார்த்து, இடது சுற்றில் ஓடும் பிட்டால் துளைக்க வேண்டும். பாதிப் பேருக்குத் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடுமாம். அவசரப்பட்டு, முறிந்த திருகைப் பிடித்துக் கழற்றும் ஈஸிஅவுட்டை விட்டு அதுவும் உள்ளே முறிந்தால் கதை முடிந்தது, அந்த இரும்பைச் சாதாரண பிட்டு தொடாது.

என் துளையை நேராக்கி, 5/16 அங்குலத்தில் அங்குலத்துக்கு 24 புரி போட்டார். பழைய ராணுவ மஸ்கெட் நிப்பிள் அளவு அது. இப்போது பெரிய தொப்பி மாதிரிக் கேப் போடுகிறேன், அதற்காகக் குதிரை மூக்கையும் குடைந்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. சுவர் இரும்பு போதுமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார், போதாவிட்டால் குழலின் பின்முனையை மூடும் பின்அடைப்பையே மாற்றச் சொல்லியிருப்பேன் என்றார். 85 டாலர். பழைய மரைத் துண்டுகளை மாத்திரை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

இனி சட்ட விஷயம், நம்மில் பலருக்குத் தெரியாதது. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தோட்டா போட முடியாத இந்த மாதிரி மசில்லோடர் ‘துப்பாக்கி’க் கணக்கிலேயே வராது. சாதாரணத் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதைத் தொழிலாக வைத்திருந்தால் மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும், வந்ததையும் போனதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம். கராஜில் டிரில் வைத்திருக்கிற யாரும் பலகை மாட்டலாம். லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடிகிறதே என்று நாம் சந்தோஷப்படுகிற அதே ஓட்டை வழியாகத்தான் இவர்களும் வருகிறார்கள். ஆனால் ஒஹாயோ நுகர்வோர் விதி இருக்கிறது. 25 டாலருக்கு மேல் போகும் ரிப்பேர் என்றால் மதிப்பீடு வேண்டுமா என்று கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகத்தைத் தர வேண்டும். அந்தப் பழைய பாகம்தான் சாட்சி.

கடைக்குப் போனேன். “மருந்தை அதிகம் போட்டிருப்பே” என்றார். 70 கிரெய்ன் என்றேன். சுவரில் ஒரு அட்டையைக் காட்டினார்: கருமருந்துத் துப்பாக்கிக்கு உத்தரவாதம் இல்லை. முன்பு அந்த இடத்தில் மான் தலை இருந்த ஞாபகம். சிறு உரிமை வழக்கு மன்றத்தில் மனு போட்டேன், அங்கே 6,000 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். பெரியவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், நிப்பிள் படம், கண்ணாடி படம் மூன்றையும் இணைத்தேன். விசாரணைக்கு ஒன்பது நாள் முன்னால் கூப்பிட்டு 140க்குச் செக் தந்தார். மனுக் கட்டணம் என் தலையில்.

செக் வாங்கப் போன அன்றைக்கு முன்னால் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான், இருபது வயதிருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு மசில்லோடரை எடுத்து நீட்டினான். கடைக்காரர் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், பெஞ்சில் வைத்தார். கம்பியைத் தொடவில்லை. வெளியே அந்தப் பையனைப் பிடித்து, நெற்றியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “எங்கப்பா காலத்திலிருந்தே இங்கதான் கொடுக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.