எத்திக்ஸ் கமிட்டியில் ஒரு தபால்காரர்

புதுச்சேரியில் நான் பிஎச்.டி. செய்யும் இடத்தின் எத்திக்ஸ் கமிட்டியைப் பற்றி எழுதுகிறேன். ஆராய்ச்சியால் அதில் பங்கெடுப்பவர்களுக்குக் கெடுதல் வராதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் குழு அது. இடத்தின் பெயர் வேண்டாம். மனிதர்களிடம் கேட்டு எழுதும் ஆராய்ச்சி செய்கிற யாரும் இந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் என்ன நடக்கும் என்று விவரமாகச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். என் மதிப்பெண் 5க்கு 3.

என் தலைப்பு, கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து அன்னக்கூடையில் விற்கும் பெண்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஏலத்துக்குப் போனால் வீடு திரும்பப் பகல் ஒன்றாகிவிடும். அதுவரை ஒதுங்க இடம் கிடையாது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார்கள். நான் கடலூரின் மீனவர் பகுதியான தேவனாம்பட்டினத்துப் பெண். என் பெரியம்மா அந்தக் கூடையைச் சுமந்தவர். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த தலைப்பு இல்லை.

முதலில் குறை. கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறது. டிசம்பர் கூட்டத்துக்காக நவம்பரிலேயே 14 நகல் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் என் கைடு, அதாவது வழிகாட்டிப் பேராசிரியர், போட வேண்டிய கையெழுத்து விட்டுப்போயிருந்தது. வாங்கும்போதே பார்த்துச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கூட்டத்துக்கு முதல் நாள் போன் வந்தது, அடுத்த கூட்டத்தில்தான் எடுப்போம் என்று. அடுத்த கூட்டம் மார்ச்சில். திருத்தங்கள் கொடுத்து அனுமதிக் கடிதம் கைக்கு வரும்போது ஏப்ரல் கடைசி வாரம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வழக்கமான சந்தை நாளை எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு கையெழுத்தால், நவம்பரில் கொடுத்தவள் களத்துக்குப் போக ஜூன் நடுப்பகுதி ஆகிவிட்டது, ஏழு மாதம். கரையோரத்தில் வேலை செய்கிற ஆராய்ச்சிக்கு ஒரு பருவம் உண்டு என்பது அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

விண்ணப்பப் படிவமும் மருந்து ஆராய்ச்சிக்காகச் செய்தது. எத்தனை மில்லி ரத்தம், என்ன மருந்து, எத்தனை வேளை என்று கேட்டுக்கொண்டே போகிறது. நான் வரிசையாக 'பொருந்தாது' என்று எழுதினேன். எனக்கு உண்மையில் தேவைப்பட்ட கேள்வி, இந்தப் பேச்சை வேறு யாராவது கேட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது. அது படிவத்தில் இல்லை. கூட்டத்தில்தான் வந்தது.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். நான் கொடுக்கும் மூன்று மதிப்பெண்ணும் அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர் வரை இருக்கலாம். தலைவர் வெளியிலிருந்து வர வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். டாக்டர்களோடு ஒரு வக்கீல், ஒரு சமூக அறிவியல்காரர், அப்புறம் துறை சாராத ஒரு சாதாரண ஆள். அந்தச் சாதாரண ஆளைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. எங்கள் கமிட்டியில் அவர் ஓய்வு பெற்ற தபால்காரர்.

எத்தனை பெண்களிடம் பேசப் போகிறேன் என்று டாக்டர்கள் கேட்டார்கள். வக்கீல் அம்மா ஒலிப்பதிவை எங்கே வைப்பேன், எத்தனை வருஷத்தில் அழிப்பேன் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அப்புறம் தபால்காரர் ஐயா, பேட்டிக்கு முன் பெண்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைக் காட்டி, "தமிழ்ப் படிவத்தைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிச்சுக் காட்டும்மா" என்றார்.

படித்தேன். "இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வத்தின் அடிப்படையிலானது. எவ்வித நிர்ப்பந்தமுமின்றித் தாங்கள் அளிக்கும் ஒப்புதலை எந்நிலையிலும் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தங்களுக்கு முழு உரிமை உண்டு..." அரைப் பக்கம் போனதும் கையைக் காட்டினார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்னு இதுல எங்கம்மா இருக்கு?"

இப்போது படித்தேனே ஐயா, அதுதான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "முப்பது வருஷம் மணியார்டர் கொடுத்திருக்கேன். கைநாட்டு வைக்கிற ஜனங்க காகிதத்தைப் பார்க்க மாட்டாங்க, நம்ம மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. நீ வாயால சொல்ற மாதிரி எழுதிக் கொண்டா."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்கிய படிவம் அது. என் பெரியம்மாவுக்குப் புரியாத தமிழில், என் பெரியம்மாவைப் போன்றவர்களுக்காக எழுதியிருக்கிறேன்.

அன்று இரவே உட்கார்ந்து மாற்றினேன். இப்போது முதல் பத்தி இப்படித்தான் தொடங்குகிறது: "பேச இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடலாம். பாதியிலயும் நிறுத்திக்கலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டோம். இதுல பேசினா நிவாரணமோ கடனோ வராது. பேசலைன்னா உங்களுக்கு வர்றது எதுவும் நின்னும் போகாது." அந்தக் கடைசி இரண்டு வரிகளும் தபால்காரர் ஐயா சொல்லிச் சேர்த்தவை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் எங்கள் பக்கம் நோட்டோடு ஆட்கள் வந்தார்கள். பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஏதாவது வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன நினைப்பு. மகளிர் குழுக் கடனும் அப்படித்தான் கையெழுத்தில் தொடங்குகிறது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். படிவம் எழுதும்போது மட்டும் மறந்துவிட்டது.

இன்னொரு திருத்தம் என்னைக் கோபப்படுத்தியது. என் சொந்தத் தெருவில் பேட்டி எடுக்கக் கூடாது என்றார்கள். என் ஊர், என் ஜனம், என்னிடம் பேசாமல் யாரிடம் பேசுவார்கள் என்று வாதாடினேன். வக்கீல் அம்மா அமைதியாகக் கேட்டார்: "உங்க பெரியம்மா உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லுவாங்களா?" சொல்ல மாட்டார். அதுதான் பிரச்சினை என்றார். 2009இல், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் பகுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்த திட்டத்தைப் பற்றிச் சொன்னார். விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் வார்டன்களே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளால் வார்டனிடம் மறுக்க முடியாது, உறவுக்காரர்களால் உங்களிடம் மறுக்க முடியாது என்றார். நான் கடலூர்ப் பக்கமே உள்ள மீனவ ஊர்களான சிங்காரத்தோப்புக்கும் தாழங்குடாவுக்கும் மாற்றிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி.

சந்தையில் வைத்துப் பேசக் கூடாது, பக்கத்துக் கூடைக்காரிக்குக் கேட்கும் என்றும் சொன்னார்கள். மத்தியானம் வீடு திரும்பிச் சாப்பிட்ட பிறகு, வீட்டில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகச் சொன்னார்கள். போன நேரத்துக்கு 150 ரூபாய் கொடுக்கலாம், ஆனால் பாதியில் நிறுத்தினாலும் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் என் ஆள் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். இதற்காகத் தாழங்குடாவில் ஒரு பள்ளி ஆயா அக்காவைப் பிடித்தேன்.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம் சிங்காரத்தோப்பில் ஓர் அக்காவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பத்துக் கேள்வி வரை சிரித்துச் சிரித்துப் பேசினார். பதினொன்றாவது, பிரசவத்துக்குப் பிறகு நீர் கசிவது பற்றியது. கொஞ்ச நேரம் செதில் ஒட்டிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செதிலாக உரித்துத் திண்ணை ஓரத்தில் ஒட்டினார். அப்புறம், "நிறுத்திக்கலாம்னு சொன்னியே பாப்பா, நிறுத்திக்கலாமா?" என்றார். நிறுத்தினேன். பணத்தைக் கொடுத்தேன். வெல்லம் போட்ட டீ கொடுத்து அனுப்பினார். பழைய படிவத்தோடு போயிருந்தால் அவர் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை தாமதத்தைவிடப் பெரியது. பேட்டி கொடுக்கும் பெண்களிடம் தரும் தகவல் தாளில் கமிட்டியின் தொலைபேசி எண் இருக்கிறது. என்மீது புகார் இருந்தால் நேராக அவர்களிடம் சொல்லலாம் என்பதற்காக. தாழங்குடாவில் ஒருவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்று நானே அழைத்துப் பார்த்தேன். வேலை நாளில், வேலை நேரத்தில், மூன்று முறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலக அறையில் பூட்டிய மேசைமேல் இருக்கிறதாம் அந்த லேண்ட்லைன். கடிதம் கொடுத்த பிறகு கமிட்டியிலிருந்து யாரும் களத்துக்கு வந்து பார்க்கவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை நான் அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தப்பு செய்தால் அந்தப் பெண்களுக்கு இருக்கிற ஒரே வழி அந்த எண்.

யாராவது எடுக்கிற ஒரு கைபேசி எண்ணைத் தாளில் சேர்க்க வேண்டும் என்று திருத்த மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாளில் ஓர் எண்ணை மாற்றவும் கமிட்டி அனுமதி வேண்டும். அடுத்த கூட்டம் செப்டம்பரில். இந்த முறை எல்லாப் பக்கத்திலும் கைடு கையெழுத்து இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் கொடுத்தேன்.