புதுச்சேரியில் இரண்டு நாள் செல்போன் செய்திப் பயிற்சி: போகலாமா?

இதழியல் படிப்பவர்கள் தயங்காமல் போகலாம். முதல் நாள் காலை மட்டும் கொஞ்சம் இழுவை. யார், என்ன, எங்கே, எப்போது என்று கல்லூரியில் படித்ததையே திரும்பச் சொன்னார்கள்.

மதியம்தான் விஷயமே. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காக்களிடம் பேட்டி எடுக்க அனுப்பினார்கள். "வியாபாரம் நல்லா இருக்கா?" என்று கேட்டேன், "இருக்குப்பா" என்று முடித்துவிட்டார் ஒரு அக்கா. பயிற்சியாளர் என்னை ஓரமாக அழைத்து, "ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வியைக் கேட்காதே. தடைக்காலத்துல வீட்டை எப்படி ஓட்டுனீங்கன்னு கேளு, அப்புறம் குறுக்கே பேசாதே" என்றார். அப்படிக் கேட்டதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் கருவாடு விற்று, வட்டிக்கு வாங்கி, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதை அந்த அக்கா கால் மணி நேரம் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

செல்போன் வகுப்பும் அருமை. லென்ஸைத் துடை, ஏரோப்பிளேன் மோடில் போடு, ஜூம் பண்ணாமல் கிட்டே நடந்து போ, ஒவ்வொரு ஷாட்டையும் 10 விநாடி ஆடாமல் பிடி; கை, முகம், சுற்றுப்புறம் எல்லாவற்றையும் தனித்தனியாக எடு என்றார்கள்.

குறை என்றால், இருபது பேருக்கு மூன்றே காலர் மைக். கடற்கரைச் சாலையில் நான் எடுத்த பேட்டியில் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. எடிட்டிங்குக்கு ஒரு மணி நேரம் போதவே போதாது. சொந்த மைக் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.