வயிற்றுப் பொருமலுக்கு புரோபயாட்டிக்கும் சாப்பாட்டு மாற்றமும்: என் நீண்டநாள் அனுபவம்

கேஸ் தொல்லைக்காக இரண்டு வருடத்துக்கும் மேலாக நான் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நிஜமான நிம்மதியைக் கொடுத்தது சாப்பாட்டில் செய்த மாற்றம்தான். உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக்கும் உதவியது, ஆனால் அதன் பங்கு சிறியது. பெரும்பாலானவர்கள் மருந்துக் கடையில் ஆரம்பித்து, எதுவும் சரிவராமல், கடைசியில்தான் தட்டில் இருப்பதைக் கவனிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பணமும் மிச்சம், அவதியும் குறையும்.

காலையில் எழும்போது என் வயிறு இலேசாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொரும ஆரம்பித்து, சாயங்காலம் வங்கியில் கணக்கு முடித்துக் கிளம்பும் நேரத்தில் கல்லு மாதிரி ஆகிவிடும். புடவைக் கட்டு இறுக்கும், பேருந்தில் உட்கார முடியாது. ஏப்பம் குறைவு, கீழ்வாயு அதிகம். பல் தொற்றுக்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகுதான் இது நிலையாகத் தங்கிவிட்டது. அதற்கு முன்பு எப்போதாவது வரும், போகும்.

முதலில் குடல் மருத்துவரைப் பார்த்தேன். ரத்த அணுக்கள், தைராய்டு, கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எதிலும் கோளாறு இல்லை. இந்தப் படியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, விடாத வாந்தி, விழுங்கச் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாக ஆரம்பிக்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் என்று ஏதாவது இருந்தால் இந்த மாதிரி அனுபவக் கட்டுரைகளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று: நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நம் ஊரில் மாரடைப்பை வாயு என்று நினைத்துக் காலம் கடத்தியவர்கள் எத்தனையோ பேர். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுத்துப் பார்ப்பதுதான் சரி.

வயிற்றில் காற்று எப்படி வருகிறது என்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சாப்பிடும்போதும் பேசும்போதும் விழுங்குகிற காற்று ஒன்று. அது பெரும்பாலும் ஏப்பமாக மேலே வந்துவிடும். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிற மாவுச்சத்தை அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் ஆகியவை இன்னொரு வகை. கீழ்வாயு அதிலிருந்துதான் வருகிறது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை வாயு பிரிவது ஆரோக்கியமான ஆளுக்கும் இயல்பு. 1975-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். கேஸ் என்று அவதிப்படுகிறவர்களின் குடலில் இருந்த வாயுவை அளந்து பார்த்தால், தொல்லை இல்லாதவர்களிடம் இருந்த அளவுதான் இருந்தது. அது நகர்கிற விதத்திலும் குடல் அதை உணர்கிற விதத்திலும்தான் வேறுபாடு. இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய ஆறுதல். வாயுவை அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம், சாயங்காலம் வரை நிம்மதியாக வேலை பார்க்க முடிந்தால் போதும் என்று இலக்கை மாற்றிக்கொண்டேன்.

முதலில் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்கள் தென்னிந்தியாவில் நிறைய. சில வாரம் பால், பால்கோவா, பாயசம் எல்லாவற்றையும் விட்டேன். கொஞ்சம்தான் குறைந்தது. அப்புறம் ஃபில்டர் காபியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள். சின்ன டம்ளர் காபி அந்த அளவுக்குள் அடங்கிவிடும். ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

திருப்பம் வந்தது அமாவாசையால். சாப்பிட்டதையும் வயிறு இருந்த நிலையையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். எங்கள் வீட்டில் அமாவாசை அன்று வெங்காயம், பூண்டு சேர்க்காமல்தான் சமையல். அன்றைக்குப் பருப்பு, உளுந்து வடை, வாழைக்காய், பாயசம் என்று மற்ற நாளைவிடக் கனமான சாப்பாடு. பொருமல் கூடியிருக்க வேண்டும். நோட்டைப் புரட்டினால், மாதாமாதம் அந்த நாளில்தான் வயிறு அமைதியாக இருந்திருக்கிறது. அடுத்த நாள் சின்ன வெங்காய சாம்பார், பூண்டு ரசம் வந்ததும் பழைய கதை.

மருத்துவரிடம் காட்டினேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் முன்வைத்த ஃபாட்மேப் உணவுமுறையைப் பற்றி அப்போதுதான் சொன்னார். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் வேகமாக நொதிக்கும் சில வகைச் சர்க்கரைகளுக்கான பொதுப் பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் அதில் ஒன்று. பருப்பு, பயறுகளில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் இன்னொரு வகை. இவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலிலேயே கிடையாது. அதனால் யார் சாப்பிட்டாலும் ஓரளவு வாயு உண்டாகத்தான் செய்யும். ஆப்பிள், மாம்பழம், தர்பூசணியில் மிஞ்சுகிற ஃப்ரக்டோஸ், காலிஃபிளவர், காளானில் உள்ள மேனிடால், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சார்பிடால் என்று பட்டியல் நீள்கிறது.

இந்த முறையில் முக்கியமானது, நிறுத்துவதைவிடத் திரும்பச் சேர்ப்பது. இரண்டு முதல் ஆறு வாரம் எல்லாவற்றையும் குறைத்து, வயிறு அடங்கியதும், ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும், கொஞ்சத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அது நல்லதில்லை. இந்தச் சர்க்கரைகள்தான் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு. கட்டுப்பாடான கட்டத்தில் பிஃபிடோபாக்டீரியா குறைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள், முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும்.

வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க நாள் பிடித்தது. "வாயுவுக்குப் பூண்டுதானே மருந்து? அதையே வேண்டாங்கிறியேம்மா" என்று அத்தை வருத்தப்பட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு லேகியமும், அஜீரணத்துக்குப் பூண்டு ரசமும் கொடுத்துப் பழகிய கை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் அத்தையிடம், "ஒரு மாதம் மட்டும் பார்ப்போம் அத்தை, சரியில்லைன்னா பழையபடி சமைச்சுக்கலாம்" என்று கேட்டுக்கொண்டேன். அவர்தான் வழியும் கண்டுபிடித்தார். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயில் பூண்டுப் பல்லைப் போட்டு வாசம் வந்ததும் பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தார். வாசனை முழுதாக வருகிறது, வயிற்றுக்கும் ஒன்றும் செய்வதில்லை. ரசத்தில் கொதித்த பூண்டை ஒதுக்கிவைத்துப் பயனில்லை, ஃப்ரக்டான் அதற்குள் தண்ணீரில் இறங்கியிருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைச் சேர்க்கிறோம். சாம்பாரில் பூசணி, கத்தரிக்காய், வெண்டைக்காய். சீரகம், ஓமம், இஞ்சி, பெருங்காயம் எல்லாம் அப்படியே தொடர்கின்றன. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்பதை மட்டும் சீலியாக் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருப்பை விடவில்லை. வேகவைப்பதற்கு முன் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால், ராஃபினோஸ் வகையில் ஒரு பகுதி போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். துவரம்பருப்பைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டினோம். கடலைப்பருப்பும் கொண்டைக்கடலையும் எனக்கு இன்னும் ஒரு சிறு கைப்பிடிக்கு மேல் ஆகவில்லை.

மூன்றாவது வாரத்துக்குள் சாயங்காலப் பொருமல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. திரும்பச் சேர்த்துப் பார்த்ததில், கோதுமை மட்டும் என்றால் இரண்டு சப்பாத்தி தாங்குகிறது. அதே சப்பாத்தியோடு வெங்காயம் போட்ட குருமா சேர்ந்தால் தாங்கவில்லை. ஒரு வேளையில் எல்லாம் கூடிப்போகும் மொத்தச் சுமைதான் கணக்கு.

இனி புரோபயாட்டிக். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2001-ல் கொடுத்த வரையறைப்படி, போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள்தான் புரோபயாட்டிக். எந்த இனம், எந்த வகை என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். பெட்டியில் 'லாக்டோபேசில்லஸ்' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும் வேண்டும்.

முதலில் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பேசில்லஸ் கிளாசி குப்பிகளைக் குடித்தேன். வித்து வடிவில் இருப்பதால் வெயில் காலத்திலும் ஃபிரிட்ஜ் தேவையில்லை, சுவையும் இல்லை. பொருமலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்து மருத்துவர் எழுதிக் கொடுத்தது லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் 299வி. இந்தியாவிலேயே ஐபிஎஸ் (பரிசோதனைகளில் கோளாறு தெரியாமலே வயிற்று வலி, பொருமல், மலப்போக்கில் மாற்றம் என்று தொடரும் குடல் தொல்லை) உள்ள 214 நோயாளிகளிடம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. வலியும் பொருமலும் குறைந்ததாக அதில் முடிவு. பின்னால் வந்த வேறு ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் ஐபிஎஸ்ஸுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டன் வழிகாட்டுதல் 2021-ல் விரும்பினால் 12 வாரம் வரை முயலலாம், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்கிறது. நான் பிரிட்டன் வழியைப் பின்பற்றினேன். இப்படிக் கெடு வைத்துக்கொள்வது ரொம்ப நல்லது, இல்லாவிட்டால் மாதாமாதம் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் வாரம் வாயு கூடியது. பலருக்கு இப்படி ஆகும், சில நாளில் அடங்கிவிடும். ஒரு மாதம் ஆனபோது மலம் ஒழுங்காகப் போனது, முழுதாகப் போகாத அந்த உணர்வு மறைந்தது. பொருமல் அதோடு கொஞ்சம் தணிந்தது. 12 வாரம் முடிந்து நிறுத்தினேன். மலச்சிக்கல் கொஞ்சம் திரும்பியது, பொருமல் திரும்பவில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோதுதான் பொருமல் வந்தது. எனக்கு எது என்ன செய்தது என்பதை இந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டிவிட்டது. மீண்டும் ஆன்டிபயாட்டிக் எடுக்க நேர்ந்தபோது சாக்கரோமைசிஸ் பௌலார்டி கொடுத்தார்கள். அது ஈஸ்ட் வகை என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. வயிற்றுப்போக்கு வராமல் தப்பித்தேன். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புரோபயாட்டிக்கும் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு அது ரத்தத் தொற்றாக மாறிய நிகழ்வுகள் உண்டு.

வீட்டுத் தயிர், மோர், பழைய சோறு பற்றிக் கேட்பார்கள். தயிரில் உள்ள உயிருள்ள பாக்டீரியா லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது, அது நிரூபணமான விஷயம். தினமும் மதியம் மோர் குடிக்கிறேன், தயிர்சாதம் எனக்கு ஒத்துக்கொள்கிறது. மோர்க்குழம்பில் கொதித்தபின் அவை உயிரோடு இருக்காது. இட்லியும் அப்படித்தான், ஆவியில் வெந்ததும் முடிந்தது. ஆனால் மாவு புளிக்கும்போதே உளுந்தின் ராஃபினோஸ் வகையில் ஒரு பகுதியை பாக்டீரியாக்கள் தின்றுவிடுவதால், இட்லி வயிற்றுக்கு இலகுவாக இருக்கிறது. பழைய சோறும் நீராகாரமும் வாரத்தில் சில நாள் காலையில் சாப்பிடுகிறேன். முதலில் அதுவும் பொருமியது. கடித்துக்கொண்ட சின்ன வெங்காயத்தை நிறுத்தி, உப்பு நார்த்தங்காய்க்கு மாறியபின் சரியாகிவிட்டது.

இப்போது மாத்திரை எதுவும் தினசரி இல்லை. மதியம் அவசரப்படாமல் மென்று சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறேன். வெளியூர் போனால் ஹோட்டலில் இட்லி, தயிர்சாதம் என்று முடித்துக்கொள்வேன். கல்யாண விருந்துகளில்தான் இன்னும் சிக்கல். சாப்பிடும்போதே போட்டுக்கொள்கிற ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்சைம் மாத்திரை பருப்பு, பயறு வாயுவுக்கு உதவும் என்றும், வெங்காயத்தின் ஃப்ரக்டானை அது தொடாது என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த கல்யாணத்தில் சுண்டலோடு அதைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.