தொலைந்தது பீனா, காம்போனன்ட்டா? ஜேஎஸ்எஃப் ஸ்கோப்புகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஜேஎஸ்எஃப் (ஜாவாவில் வலைப்பக்கங்களை உருவாக்க உதவும் கட்டமைப்பு) பக்கத்தில் பொத்தானை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், இங்குச் சிங்கப்பூரில் பல மென்பொருள் குழுக்கள் முதலில் கையிலெடுப்பது ஒரே வைத்தியம்தான்: பக்கத்தின் தரவை வைத்திருக்கும் ஜாவா பொருளான பீனின் ஸ்கோப்பை ரிக்வெஸ்டிலிருந்து (ஒரு கோரிக்கை) செஷனுக்கு (பயனரின் முழு அமர்வு) மாற்றிவிடுவது. பிழை கண்ணுக்கு மறைந்துவிடுவதால் அந்த வைத்தியத்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. எந்த ஸ்கோப் சிறந்தது என்று கேட்பதற்கு முன், தொலைந்தது பீனின் நிலையா, பெட்டி, பொத்தான் போன்ற பக்க உறுப்பான காம்போனன்ட்டின் நிலையா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பதே என் வாதம். பீனின் ஆயுளை அதன் ஸ்கோப் முடிவு செய்கிறது. காம்போனன்ட் மரத்தின் நிலையையோ ஜேஎஸ்எஃப் தனியாகச் சேமித்து, அதே பக்கம் சர்வருக்குத் திரும்ப அனுப்பப்படும் அடுத்த போஸ்ட்பேக்கின் முதல் கட்டமான ரிஸ்டோர் வியூவில் மீட்டெடுக்கிறது. இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

பாசிர் பாஞ்சாங் முனையத்தில் இறங்கும் கொள்கலன்களைக் கையாளும் ஒரு சரக்கு அலுவலகத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலின் பெயரைத் தேடினால் கொள்கலன்களின் அட்டவணை வரும். ஒவ்வொரு வரிசையிலும் ‘விடுவி’ என்றொரு பொத்தான் இருக்கும். பீன் ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் இருந்தால், தேடலுக்கான பதில் உலாவிக்குப் போனதுமே பட்டியலோடு சேர்ந்து பீனும் அழிந்துவிடும். ஊழியர் ‘விடுவி’யை அழுத்தும்போது புதிதாகப் பிறக்கும் பீனில் பட்டியல் காலியாக இருக்கும். அனுப்பப்பட்ட மதிப்புகளைக் காம்போனன்ட்கள் எடுத்துக்கொள்ளும் அப்ளை ரிக்வெஸ்ட் வேல்யூஸ் கட்டத்தில் அட்டவணை தன் வரிசைகளைப் பீனிடம் கேட்கும். வரிசையே இல்லாததால், அழுத்தப்பட்ட பொத்தானை அது பார்க்காமலேயே கடந்துவிடும். ஆக்‌ஷன் மெத்தட் அழைக்கப்படாது, எக்ஸெப்ஷனும் வராது, லாகிலும் ஒரு வரி இருக்காது. பொத்தானைக் காட்டுவதா என்று தீர்மானிக்கும் ரெண்டர்டு பண்பு பீனின் மதிப்பைச் சார்ந்திருந்தாலும் இதே கதைதான். பீன் பிறந்ததும் ஓடும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் ஒரு லாக் வரி வைத்துப் பாருங்கள். தேடலுக்கு ஒரு முறையும் ‘விடுவி’க்கு இன்னொரு முறையும் அது பதிவானால், காரணம் ஸ்கோப் என்பது உறுதி. இதற்காக ரிக்வெஸ்ட் ஸ்கோப்பைக் குறை சொல்ல முடியாது. வெறுமனே காட்டுவதற்கான அறிக்கைப் பக்கங்களுக்கு அதைவிட நினைவகச் செலவு குறைந்த தேர்வு இல்லை.

செஷன் ஸ்கோப்புக்கு மாற்றினால் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஆனால் அதே ஊழியர் இரண்டு கப்பல்களை இரண்டு டேபுகளில் திறந்தால் என்ன ஆகும்? செஷனுக்கு ஒரே பீன் என்பதால், இரண்டாவது டேபின் பட்டியல் முதலாவதன் பட்டியலை அழித்து உட்கார்ந்துகொள்ளும். முதல் டேபின் திரையில் பழைய கப்பலே தெரியும். அங்கே மூன்றாவது வரிசையை அழுத்தினால், அட்டவணை வரிசை எண்ணை வைத்தே தேடுவதால், இரண்டாவது கப்பலின் மூன்றாவது கொள்கலன் விடுவிக்கப்படும். பொத்தான் வேலை செய்யாததைவிட இது பன்மடங்கு ஆபத்தானது, ஏனெனில் யாருக்கும் சந்தேகம் வராது. உள்நுழைந்தவர் யார், நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பன போன்ற, எல்லா டேபுகளுக்கும் உண்மையிலேயே பொதுவான தகவல்களுக்கு மட்டுமே செஷனை ஒதுக்க வேண்டும்.

இத்தகைய பக்கங்களுக்கு நான் பரிந்துரைப்பது வியூ ஸ்கோப். ஒவ்வொரு டேபும் தனி வியூ என்பதால் பட்டியல்கள் கலப்பதில்லை. மெத்தட் நல் அல்லது வாய்டு திருப்பிக்கொண்டிருக்கும்வரை அதே பீன் நீடிக்கும். அதே பக்கத்தின் பெயரைச் சரமாகத் திருப்பினால்கூட புதிய வியூ உருவாகி, பீன் காலியாகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைவிடப் பெரிய பொறி இம்போர்ட் வரியில் இருக்கிறது. 2009இல் ஜேஎஸ்எஃப் 2.0 தந்த வியூ ஸ்கோப் ஃபேசஸ் பீன் பேக்கேஜைச் சேர்ந்தது. ஜாவாவில் பீன்களை நிர்வகிக்கும் சிடிஐ புரிந்துகொள்ளும் வியூ ஸ்கோப் 2013இல் 2.2 பதிப்போடு, ஃபேசஸ் வியூ பேக்கேஜில் வந்தது. பீனுக்குப் பெயரிடும் சிடிஐயின் நேம்டு அனோட்டேஷனோடு பழையதை இணைத்தால் சிடிஐ அதைக் கண்டுகொள்ளாது. பீன் டிபெண்டன்ட் ஸ்கோப்புக்கு இறங்கி, பக்கத்தில் பீனைச் சுட்டும் ஈஎல் கோவை ஒவ்வொன்றுக்கும் புதிது புதிதாகப் பிறக்கும். 2022இல் வந்த ஃபேசஸ் (ஜேஎஸ்எஃப்பின் புதிய பெயர்) 4.0 பழைய பேக்கேஜை நீக்கிவிட்டதால் அங்குக் கம்பைலரே தடுத்துவிடும். பழைய பதிப்பில் ஓடும் செயலிகளில் இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்கோப்பை எப்படி மாற்றினாலும் தீராத பிழையும் உண்டு. முகவரிப் படிவத்தில் பயனர் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டுக்கு ஐந்து இலக்கங்களை இட்டு அனுப்புகிறார், சரிபார்ப்பு தோல்வியடைகிறது. பிறகு, சேமித்துவைத்த முகவரிகளிலிருந்து தம் புளோக்கைத் தேர்ந்தெடுக்கிறார். பக்கத்தை முழுதாக ஏற்றாத ஏஜாக்ஸ் கோரிக்கை பீனில் சரியான குறியீட்டை வைத்துப் பெட்டியைப் புதுப்பிக்கிறது. ஆயினும் திரையில் அதே ஐந்து இலக்கங்கள் நிற்கின்றன. சரிபார்ப்பில் தோற்ற பெட்டி, தான் பெற்ற மதிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பீனின் மதிப்பைவிட அதற்கே முன்னுரிமை தருகிறது. லாகில் பீனின் மதிப்பு சரியாக இருந்து திரையில் மட்டும் தவறாக இருந்தால், அது காம்போனன்ட்டின் நிலை. 2.2 முதல் ஏஜாக்ஸ் டேகில் உள்ள ரீசெட்வேல்யூஸ் பண்பே இதற்கான மருந்து.

கான்வர்சேஷன் ஸ்கோப்பைப் பல பக்கங்களில் தொடரும் விண்ணப்பங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தையும் முடிவையும் நாமே கோடில் அறிவிக்க வேண்டும். ஒரே கான்வர்சேஷனில் இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து மோதினால், பிந்தியது பிஸிகான்வர்சேஷன் எக்ஸெப்ஷனில் முடியலாம்.

பக்கத்தின் வியூ சர்வரில் இல்லாதபோது எழும் வியூஎக்ஸ்பயர்டு எக்ஸெப்ஷனையும் பலர் ஸ்கோப்பின் தலையில் கட்டுகிறார்கள். டாம்கேட் சர்வரில் செஷனின் இயல்பான காலாவதி 30 நிமிடம். உணவங்காடி நிலையத்தில் மதிய உணவை முடித்துத் திரும்பியவர் பொத்தானை அழுத்தும்போது இது வருவது இயற்கை. ஜேஎஸ்எஃப்பின் ஒரு செயலாக்கமான மொஜாரா ஒரு செஷனில் இயல்பாக 15 வியூக்களையே வைத்திருப்பதால், டேபுகளை நிறையத் திறப்பவருக்குக் காலாவதிக்கு முன்பே வரலாம். நிலைச் சேமிப்பை கிளையன்ட் (உலாவி) பக்கத்துக்கு மாற்றினால் எக்ஸெப்ஷன் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மொஜாராவில் வியூ ஸ்கோப் பீன் அப்போதும் செஷனில்தான் இருக்கிறது. செஷன் போனதும் அதுவும் போய், பயனர் காலியான புதிய பீனோடு எச்சரிக்கை ஏதுமின்றி வேலையைத் தொடர்வார். எனவே சேமிப்பை சர்வர் பக்கமே விட்டு, எக்ஸெப்ஷனைப் பிடித்து, அமர்வு முடிந்துவிட்டது என்ற தெளிவான செய்தியோடு பயனரை உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.