ஒரே ஆர்டர், இரண்டு மொத்தம்: எந்த டாஷ்போர்டு டூலை நம்புவது?

தரவை சார்ட்டாகக் காட்டும் டாஷ்போர்டு டூல்களில் பவர் பிஐயா, டாப்ளோவா, லுக்கரா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சார்ட்டைப் பார்த்து மயங்கித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் ஒரு சின்னச் சோதனை வைப்பேன்.

ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு வரி, தொகை 1,000. பொருட்கள் டேபிளில் அதே ஆர்டருக்கு மூன்று வரிகள். இரண்டையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால், அதாவது ஒரே டேபிளாக இணைத்தால், அந்த 1,000 மூன்று வரிகளிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூட்டினால் 3,000. எர்ரர் எதுவும் வராது, சார்ட்டும் பளிச்சென்று இருக்கும். டேட்டாபேஸில் எல்லாம் சரி, திரையில் மட்டும் விற்பனை மூன்று மடங்கு!

மெட்டாபேஸும் சூப்பர்செட்டும் ஓப்பன் சோர்ஸ் டாஷ்போர்டு டூல்கள். இரண்டிலும் நீங்கள் எழுதிய ஜாயின் என்ன தருகிறதோ அதுதான் திரைக்கு வரும், அதாவது 3,000. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் தெரிந்தவருக்கு இதைவிட வெளிப்படையான டூல் கிடையாது. தெரியாதவர் கையில் கொடுத்தால்தான் வம்பு.

டாப்ளோவில் ரொம்ப காலம் இதே கதைதான். 2020.2 பதிப்பில், டேபிள்களை ஒட்டாமல் அவற்றின் தொடர்பை மட்டும் சொல்லும் 'ரிலேஷன்ஷிப்' வந்த பிறகு ஒவ்வொரு டேபிளும் தன் அளவிலேயே கூட்டப்படுகிறது, 1,000 என்று சரியாக வரும். ஆனால் பழைய ஜாயினோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒர்க்புக்குகள் (டாப்ளோ கோப்புகள்) தாமாகத் திருந்துவதில்லை. அப்புறம் ஒரே நிறுவனத்தில் இரண்டு ஒர்க்புக், இரண்டு மொத்தம்.

பவர் பிஐயில் ஒன்றுக்குப்பல உறவு (ஒரு ஆர்டருக்குப் பல பொருள்) போட்டால் மொத்தம் சரியாக வரும். சிக்கல் வேறு இடத்தில். ஆர்டர் தொகையைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஃபில்டர் இயல்பாக ஆர்டரிலிருந்து பொருளுக்குத்தான் பாயும், எதிர்த்திசையில் பாயாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கு நேராகவும் அதே 1,000 நிற்கும். இதைப் பார்த்து மாடலே (டேபிள்களும் அவற்றின் உறவுகளும் சேர்ந்த அமைப்பு) கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. தரவை உள்ளே கொண்டுவரும் பகுதியான பவர் க்வெரியில் இரண்டு டேபிளையும் மெர்ஜ் செய்து ஒன்றாக்கி வைத்திருந்தால் பழையபடி 3,000தான்.

இந்தச் சோதனையில் என் ஓட்டு லுக்கருக்கு. எது பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்), எது ஒன்றுக்குப்பல உறவு என்று லுக்கரின் சொந்த மொழியான லுக்எம்எல்லில் ஒரு முறை எழுதி வைத்தால், ஜாயினுக்குப் பிறகும் இரட்டை எண்ணிக்கை வராமல் அதுவே பார்த்துக்கொள்ளும். உறவைத் தவறாக 'ஒன்றுக்கு ஒன்று' என்று எழுதினால் அதுவும் கைவிட்டுவிடும். இன்னொரு விலையும் இருக்கிறது. புதிதாக ஒரு கணக்கு வேண்டுமென்றால் பெரும்பாலும் லுக்எம்எல் எழுதத் தெரிந்தவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

எஸ்க்யூஎல் தெரிந்த ஒருவர் இருக்கும் சிறிய அணிக்கு மெட்டாபேஸும் சரிபார்த்த நாலைந்து வியூக்களும் (சேமித்து வைத்த எஸ்க்யூஎல் கேள்விகள்) போதும். துறைகள் பெருகி, 'விற்பனை' என்ற சொல்லுக்கே ஆளுக்கொரு அர்த்தம் முளைத்துவிட்டால் லுக்கர், அல்லது எல்லோரும் பகிரும் ஒரே பவர் பிஐ மாடல். தோண்டித் துருவிப் பார்ப்பதே வேலை என்றால் டாப்ளோ.

சரி, இத்தனையும் தரவு முழுசாக வந்து சேர்ந்தால்தான். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் போயின. 65,536 வரிகளுக்கு மேல் தாங்காத பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவம்தான் காரணம். வராத வரியை எந்த டூலாலும் காட்ட முடியாது.

டாஷ்போர்டுக்கு முன்பே தரவைச் சோதிக்க டிபிடி மாதிரி டூல்கள் இருக்கின்றன. அதில் கூடவே வரும் சோதனைகள் நான்கு: மதிப்பு திரும்ப வருகிறதா, காலியாக இருக்கிறதா, அனுமதித்த பட்டியலுக்குள் இருக்கிறதா, இன்னொரு டேபிளில் அதற்கு ஜோடி இருக்கிறதா. இரட்டைப் பதிவை இவை பிடித்துவிடும். ஆனால் கோப்பின் வால் வெட்டுப்பட்டு வந்தால் இந்த நான்கும் பச்சை விளக்கு காட்டக்கூடும், வந்த வரிகளில் ஒரு பழுதும் இருக்காதே. அதற்கு, அனுப்பிய இடத்தில் எத்தனை வரி, இங்கே ஏறியது எத்தனை என்று ஒப்பிடும் ஐந்தாவது சோதனையை நாம்தான் எழுத வேண்டும்.